ஸ்டவ் ஆசாரியின் ஊதுவிளக்கு

இரணியலைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் எழுதினால் பெரும்பாலும் இடிந்த அரண்மனையைப் பற்றி இருக்கும், இல்லாவிட்டால் கைத்தறி நெசவைப் பற்றி. இந்தத் தடவை எங்கள் வீட்டுத் தொழுத்தின் பரணில் கிடந்த ஒரு பித்தளைச் சாமானைப் பற்றி எழுதுகிறேன்.

மாடு போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. கூரை ஒரு பக்கம் சரிந்ததால் தொழுத்தைப் பிரித்துவிடலாம் என்று முடிவாயிற்று. நான் திருவனந்தபுரத்தில் வேலை. சனிக்கிழமை ரயிலேறி வந்து பரணில் கிடந்ததை எல்லாம் இறக்கிப் போட்டேன். உடைந்த கலப்பை, ஓட்டை விழுந்த குட்டுவம், சாக்கில் கட்டிய இரும்புத் துண்டுகள். அந்தச் சாக்குக்குள்தான் இது இருந்தது. ஒரு சின்னச் செம்பு அளவு வயிறு, பக்கத்தில் மரப்பிடி, மேலே துப்பாக்கிக் குழல் மாதிரி ஒரு குட்டை மூக்கு. பச்சைக் களிம்பு ஏறிக் கருத்துப் போயிருந்தது. பம்ப் ஸ்டவ்வின் ஏதோ ஒரு பாகம் என்றுதான் முதலில் நினைத்தேன். கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன்.

"அது எங்க கிடந்து?"

"தொழுத்துல."

"அங்கயே போடு" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

எந்தப் பழைய பொருளைக் காட்டினாலும் அரைமணி நேரம் கதை சொல்லுகிற மனிதர் அவர். அதனால்தான் நான் இதை விடவில்லை.

அது புளோ லேம்ப். தமிழில் ஊதுவிளக்கு என்று சொல்லலாம். காஸ் டார்ச் வருவதற்கு முன்னால் பிளம்பர், தகர வேலைக்காரர், காரீய உறை போட்ட டெலிபோன் கேபிளை ஒட்டுகிறவர், பழைய பெயிண்டைச் சுட்டு உரிக்கிற பெயிண்டர் எல்லாரும் வைத்திருந்த கருவி. கறிக்கடையில் ஆட்டுத் தலையையும் காலையும் வாட்டுவதற்கு வைத்திருப்பார்களே, சீறிக்கொண்டு நீலத் தீ அடிக்கும், அதன் தம்பி. எங்கள் வீட்டில் கிடைத்தது கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே கொள்ளும், மிகச் சிறிய வகை. அடிப்பக்கத்தில் எழுத்து பொறித்திருந்தது. புளியும் உப்பும் போட்டுப் பையத் தேய்த்ததில் 'மேட் இன் ஸ்வீடன்' என்பது மட்டும் தெளிந்து வந்தது.

ஸ்வீடனில் செய்த ஒரு சாமான் இரணியலில் மாட்டுத் தொழுத்துக்கு எப்படி வந்தது? இந்தக் கேள்வியோடு தேட ஆரம்பித்தேன். அப்பா வாயைத் திறக்காததால் நான் ஸ்வீடனிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

கார்ல் ரிச்சர்ட் நைபெர்க் என்று ஒருவர், 1858-ல் பிறந்தவர். உலோகப் பட்டறைகளில் வேலை பார்த்துப் பழகியவர். 1882-ல் ஸ்டாக்ஹோமில் ஊதுவிளக்கு செய்யத் தொடங்கினார். அதுவரை இருந்த விளக்குகளை விட இதில் என்ன விசேஷம் என்றால், எண்ணெயை எண்ணெயாக எரிக்காமல், சூட்டில் ஆவியாக்கி ஊசித்துளை வழியாகச் சீற விட்டு எரிப்பது. நைபெர்குக்குச் செய்யத் தெரியும், விற்கத் தெரியாது. 1886-ல் மாக்ஸ் சீவெர்ட் என்ற ஜெர்மன்காரர் வந்து சேர்ந்தார். அவருக்கு விற்கத் தெரியும். இருவருமாகச் சேர்ந்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். நைபெர்க் கொஞ்சம் கிறுக்குப் பிடித்த ஆள் என்றே சொல்லவேண்டும். சம்பாதித்ததை வைத்து ஆகாய விமானம் செய்யப் பார்த்தார். 'ஃப்ளூகன்', ஸ்வீடிஷ் மொழியில் ஈ என்று அர்த்தம். நீராவி இயந்திரம், அதைச் சூடாக்க அவரே செய்த நான்கு ஊதுவிளக்குகள்! சின்னச் சின்னதாகத் துள்ளியதோடு சரி, பறக்கவில்லை. ஆனால் நான்கு புளோ லேம்பைக் கொளுத்திக்கொண்டு ஆகாயத்தில் ஏறலாம் என்று நம்பிய மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது.

இதற்குப் பிறகு வந்ததுதான் நம் வீடுகளுக்குள் நுழைந்தது. அதே ஸ்டாக்ஹோமில் ஃப்ரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் என்ற தொழிற்சாலை மெக்கானிக், கையில் பிடிக்கிற ஊதுவிளக்கை நிமிர்த்தி வைத்து மேலே பாத்திரம் வைக்கிற மாதிரி மாற்றினார். 1892. அதுதான் ப்ரைமஸ் ஸ்டவ். நம் ஊர் பம்ப் ஸ்டவ் எல்லாம் அதன் பிள்ளைகள். 1910-ல் பெர்லினில் மாக்ஸ் கிரேட்ஸ் இதே தத்துவத்தில் தீயை ஒரு வலைப்பைக்குள் விட்டு வெளிச்சமாக்கினார். 'பெட்ரோலியம் மாக்ஸ்' சுருங்கிப் பெட்ரோமாக்ஸ். எங்கள் பக்கம் காஸ் லைட்டு என்போம். 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணி கடையில் செந்தில் மாண்டிலைப் பிய்க்கிற காட்சியைப் பார்க்காத தமிழன் இருக்க முடியாது. அந்த வெள்ளைப் பைதான் நான் சொன்ன வலைப்பை. ஊதுவிளக்கு, ஸ்டவ், காஸ் லைட்டு மூன்றுக்கும் உள்ளே நடப்பது ஒன்றுதான். தொட்டியில் காற்றழுத்தம் எண்ணெயை மேலே தள்ளும். சூடான குழாயில் எண்ணெய் ஆவியாகும். ஆவி ஊசித்துளையில் சீறும்போது பக்கத்துக் காற்றை இழுத்துச் சேர்த்துக்கொண்டு எரியும். எரிகிற தீ மறுபடி அந்தக் குழாயைச் சூடாக்கும். ஒருமுறை பற்றிக்கொண்டால் தானே தன்னைப் பார்த்துக்கொள்ளும். எங்கள் மென்பொருள் உலகத்தில் இதை 'ஃபீட்பேக் லூப்' என்போம். எண்ணெய் ஆவியாகும் முன்னால் துளைக்கு வந்துவிட்டால் நீலத்துக்குப் பதிலாக மஞ்சள் தீ கிளம்பி முகத்தைச் சுடும். அதையும் நாங்கள் ஒரு பெயர் சொல்லி அழைப்போம், இங்கே எழுத முடியாது.

இனி சரி செய்த கதை.

முதலில் பயம். பித்தளைச் சாமானைப் பல வருஷம் மாட்டுத் தொழுத்தில் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் காரணமே இல்லாமல் விரிசல் விட்டன. குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தவை. மழைக்காலத்தில் வருவதால் 'பருவ விரிசல்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். உண்மையான காரணம் 1921-ல்தான் தெளிவாயிற்று. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா, ஈரம், அடித்து இழுத்து உருவாக்கியபோது பித்தளைக்குள்ளே தங்கிப்போன இறுக்கம், மூன்றும் சேர்ந்தால் விரிசல். மாட்டு மூத்திரம் இதில் குதிரைக்குக் குறைந்ததா என்ன? வெளியே பளபளப்பாக இருந்து, பம்ப் அடித்ததும் வயிறு பிளந்தால் கால் லிட்டர் மண்ணெண்ணெய் தீயோடு மடியில் விழும்.

அம்மாவுக்கு இந்த வேதியியல் எல்லாம் தேவைப்படவில்லை. "ஸ்டவ்வு வெடிச்சுச் செத்தவளுக கதை எல்லாம் எனக்குத் தெரியும். இந்த முற்றத்துல அதக் கொளுத்தப்படாது" என்றாள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் செய்தித்தாளில் ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு என்று வராத வாரம் குறைவு. அவற்றில் எத்தனை உண்மையில் ஸ்டவ், எத்தனை மாமியார் வீடு என்பது ஊருக்கே தெரியும். பாவம், அந்த ஸ்டவ்வின் மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றிவிட்டோம். ஆனாலும் அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. தண்ணீர்ச் சோதனை முடியாமல் எண்ணெய் ஊற்றுவதில்லை என்று வாக்குக் கொடுத்தேன்.

பிரித்தேன். பம்ப்பின் தோல் வாஷர் கருவாடாகக் காய்ந்திருந்தது. நல்லெண்ணெயில் இரண்டு நாள் ஊறப் போட்டும் எழும்பவில்லை. நாகர்கோவிலில் ஒரு பழைய ஸ்டவ் சாமான் கடையில் அதே அளவு தோல் வாஷர் கிடைத்தது. கடைக்காரர் ஒரு கையளவு எடுத்துப் போட்டு, "வேற யாரு வாங்கப் போறா, கொண்டு போங்க" என்றார். பம்ப்பின் அடியில் காற்று திரும்பி வராமல் தடுக்கிற வால்வுக்குள் ஒரு சின்னத் தக்கை இருக்கும். அது பொடிந்து போயிருந்தது. எண்ணெய்க்குத் தாங்கும் ரப்பரை வெட்டி வைத்தேன். மூடிக்குக் காரீய வாஷர். ஊசித்துளை அடைத்திருந்தது. அதற்கு வேறு எந்த விசேஷக் கருவியும் வேண்டாம், பம்ப் ஸ்டவ் வைத்திருந்த வீட்டில் சுவரில் தொங்குமே, அந்த ஸ்டவ் பின்தான். உட்புறத்தை எலுமிச்சை உப்புக் கரைசல் ஊற்றிக் கழுவினேன். வெளியே கம்பிப் பிரஷ் போடவில்லை. பாலிஷும் வேண்டாம் என்று விட்டேன், பித்தளை பாலிஷ் சிலவற்றில் அமோனியா உண்டு.

பிறகு பூதக்கண்ணாடியை வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். விரிசல் இருந்தது. நல்லவேளை, தொட்டியில் இல்லை. மூக்குக்குக் கீழே ஸ்பிரிட் ஊற்றி முதல் சூடு ஏற்றுவதற்கு ஒரு கிண்ணம் உண்டு, அதன் மடித்த விளிம்பில் மயிரிழை போல மூன்று கோடுகள். அங்கே அழுத்தம் கிடையாது. தொட்டியில் தண்ணீர் நிரப்பி, மூக்கைக் கழற்றி அடைப்பு போட்டு, சைக்கிள் பம்பையும் ஒரு அழுத்தமானியையும் சேர்த்து, வேலை செய்யும்போது இருக்கும் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு ஏற்றி ஒரு ராத்திரி வைத்தேன். காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரை நிரப்புவது ஏன் என்றால், தண்ணீர் அமுங்காது. தொட்டி பிளந்தாலும் ஒரு சொட்டு கசிந்து அழுத்தம் இறங்கிவிடும், துண்டு பறக்காது. காலையில் முள் அசையவில்லை.

அன்றைக்குச் சாயா குடிக்கும்போது அப்பா முற்றத்துக்கு வந்து நின்றார். அழுத்தமானியைப் பார்த்தார். "பாட்டா வாயில தண்ணிய எடுத்துத் தையல்ல ஊதிப் பாப்பாரு" என்றார். அவ்வளவுதான். ஆனால் பாட்டா என்ற சொல் வந்துவிட்டது.

என் பாட்டா தட்டாசாரி. இந்த வீட்டுத் திண்ணைதான் அவருடைய பட்டறை. குமுட்டி, உமி, வெண்காரம், கம்பி இழுக்கிற அச்சு, உரைகல், ஊதுகுழல். நகையில் இரண்டு துண்டை ஒட்ட, பொன்னோடு வேறு உலோகம் கலந்து அராவிய பொடியை வைத்து, விளக்குத் தீயை ஊதுகுழலால் வளைத்து, சரியான இடத்தில் சரியான நொடி மட்டும் படவைப்பார்கள். பொடி வைத்துப் பேசுகிறான் என்கிறோமே, அது இந்தத் திண்ணையிலிருந்து வந்த பேச்சு. வாயால் ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுக்கத் தெரிய வேண்டும், இடையில் தீ அறுந்துவிடக் கூடாது. 22 காரட் பொன் உருகும் சூட்டுக்கும் பொடி உருகும் சூட்டுக்கும் இடைவெளி கொஞ்சம்தான். அந்த இடைவெளியில் பிழைக்கிறவன்தான் தட்டான்.

1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. சீனப் போர் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்நியச் செலாவணி வறண்டு கிடந்தது, தங்கக் கடத்தல் தலைவிரித்தாடியது. நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் தங்க மோகத்தை அடக்கினால் கடத்தல் அடங்கும் என்று நம்பினார். புதிதாகச் செய்யும் நகை எதுவும் 14 காரட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பதுதான் அந்த விதியின் நெஞ்சு. கணக்கு எளிது. 22 காரட் என்றால் நூறில் 91 பங்குக்கு மேல் பொன். 14 என்றால் 58 பங்கு. மீதி 42 செம்பும் வெள்ளியும். நிறம் மாறும், இறுகும், அடித்தால் வெடிக்கும், பொடியும் வேறு, சூடும் வேறு. ஆனால் தொழில் நுட்பம் அதில் சின்னப் பிரச்சினைதான். மகளுக்கு 14 காரட்டில் தாலி செய்யச் சொல்லி எந்தத் தகப்பன் வருவான்? திண்ணைக்கு ஆள் வருவது நின்றது.

நாடு முழுக்க லட்சக்கணக்கான பொற்கொல்லர் வீடுகளில் இதுதான் நடந்தது. தற்கொலைகள் நடந்தன. நாடாளுமன்றத்தில் பேசினார்கள், ஊர்வலம் போனார்கள். மறுவாழ்வுக்குக் கடனும் பிள்ளைகளுக்குப் படிப்புச் சலுகையும் அறிவித்தார்கள். அதே ஆண்டு காமராஜ் திட்டத்தில் மொரார்ஜி பதவி விலகினார். டி.டி.கிருஷ்ணமாச்சாரி வந்தபிறகு கொஞ்சம் தளர்ந்தது. 14 காரட் தடை 1966-ல்தான் போயிற்று. பிறகு 1968-ல் தனிச் சட்டமாகவே வந்து, 1990-ல் ரத்தாகும்வரை வேறு பல கெடுபிடிகள் தொடர்ந்தன. கடத்தல் இதனால் அடங்கியதா என்றால், அடுத்த இருபது வருஷத்து இந்தி, தமிழ் சினிமா வில்லன்களைப் பார்த்தாலே போதும். பொருளாதாரப் பாடத்தில் இதை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். இதுவரை நானும் அப்படித்தான் கடந்திருந்தேன், எங்கள் வீட்டு நிதிநிலையை மூன்று வருஷம் நிறுத்திய சட்டம் இதுதான் என்று தெரியாமலே.

அப்பாவுக்கு அப்போது பத்து வயது. அவர் சொன்னது ஒரே நாளில் சொன்னதில்லை, நான்கைந்து வாரக் கடைசிகளில் துண்டு துண்டாக. முதல் ஆறு மாதம் பாட்டா திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தார். குமுட்டியில் தினமும் தீ மூட்டுவாராம், வேலை இல்லாமலே. பிறகு குளச்சல் பக்கத்தில் ஒருவர், தர வேண்டிய கூலிக்குப் பதிலாக இந்த புளோ லேம்பைக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு பாட்டா திங்கள்சந்தையில் காஸ் லைட்டு வாடகைக்கு விடுகிறவர்களிடம் போனார். கல்யாணம், கோயில் கொடை, சர்ச் பெருநாள், மண்டைக்காடு கொடைக்குப் போகிற கூட்டம், எல்லாவற்றுக்கும் காஸ் லைட்டுதான். தொட்டி ஒழுகும், தையல் விடும், கால் உடையும். ஸ்டவ்வும் அப்படியே. பாட்டா அவற்றுக்கு ஈயம் பற்றவைத்துக் கொடுத்தார். பொன்னில் பொடி வைத்தவருக்கு இது பெரிய வேலையா? கை சுத்தம் என்று ஒரு வருஷத்தில் பேர் வந்துவிட்டது. ஸ்டவ் ஆசாரி என்ற பேரும் வந்துவிட்டது.

"சரியாக்கின ஸ்டவ்வத் தலையில வச்சு வீடு வீடாக் கொண்டு குடுக்கணும். யாரு, நான். வாத்தியாருக்க வீடு, கூடப் படிக்குத பயலுவளுக்க வீடு எல்லாம். மறுநாள் பள்ளிக்கூடத்துல, ஸ்டவ் ஆசாரி மவன் வாறான்டே, பின் இருக்கான்னு கேளு, அப்படீம்பான்."

இதைச் சொல்லும்போது அப்பா சிரித்தார். ஆனால் அறுபது வருஷம் கழித்து அந்த விளக்கைப் பார்த்ததும் எழுந்து போனதும் இதே மனிதர்தான். 1966-க்குப் பிறகு பாட்டா பொன் வேலைக்குத் திரும்பினார், முழுசாகத் திரும்ப முடியவில்லை. வந்துகொண்டிருந்தவர்கள் நாகர்கோவில் கடைகளுக்குப் போய்ப் பழகிவிட்டார்கள். அப்பாவைப் பட்டறையில் உட்காரவிடவே இல்லை. படிக்க வைத்தார், குமாஸ்தா வேலை கிடைத்தது, அதனால் நான் பி.இ. படித்தேன். எனக்குப் பாட்டாவைப் பற்றி ஞாபகம் இருப்பது ஒன்றே ஒன்று, அவர் வேட்டியிலிருந்து வரும் மண்ணெண்ணெய் மணம். தட்டாசாரியிடம் ஏன் மண்ணெண்ணெய் மணம் என்று நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

இங்கே ஒரு கிளைக்கதை. இதைத் தேடிக்கொண்டிருந்தபோது எனக்கே நம்ப முடியாமல் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

காஸ் லைட்டின் மாண்டில் வெறும் துணி. தோரியம் உப்பில் முக்கிய துணி. முதல்முறை கொளுத்தும்போது துணி எரிந்துபோய் ஆக்ஸைடுச் சாம்பல் வலை மட்டும் நிற்கும், அதுதான் வெள்ளையாக ஒளிரும். 99 பங்கு தோரியம் ஆக்ஸைடு, ஒரு பங்கு சீரியம் ஆக்ஸைடு என்ற கலவையை ஆஸ்திரியாவின் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் 1891-ல் கண்டுபிடித்தார். அதற்குத் தோரியம் வேண்டும். தோரியம் மோனசைட் மணலில் கிடைக்கும். அப்போது மணல் பிரேசிலிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1909-ல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். கயிற்றுத் தடம் பிடித்து வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. எங்கள் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள். அங்கே மணல் பிரிக்கும் ஆலை போட்டார். முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன்காரர் என்பதால் கைது. ஆலை ஆங்கிலேயக் கம்பெனி கைக்குப் போயிற்று. சுதந்திரத்துக்குப் பிறகு 1950-ல் தொடங்கிய இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் 1965-ல் எடுத்துக்கொண்டது. ஊரில் இன்றைக்கும் மணல் கம்பெனி என்றால் போதும். ஐரோப்பாவின் தெருவிளக்குகள் ஒருகாலத்தில் எங்கள் கடற்கரையை எரித்துக்கொண்டிருந்தன. பாட்டா ஈயம் பற்றவைத்துக் கொடுத்த காஸ் லைட்டின் வெளிச்சத்தில் எங்கள் மணலும் கொஞ்சம் இருந்திருக்கக் கூடும்.

அந்த மணல் இருக்கிற கடற்கரையில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களை விட அதிகம் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பழைய சமாச்சாரம். அதைப் பற்றிய எந்த அறிக்கையைத் திறந்தாலும் அளவு 'மில்லி சீவெர்ட்' என்று இருக்கும். உலக சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லி சீவெர்ட், மணவாளக்குறிச்சிக் கரையில் அதைப்போலப் பல மடங்கு, என்கிற மாதிரி. சீவெர்ட் என்ற அலகு 1979-ல் வந்தது. ஸ்வீடன் நாட்டு மருத்துவ இயற்பியலாளர் ரோல்ஃப் சீவெர்ட்டின் பெயர். கதிர்வீச்சு மனித உடம்பை என்ன செய்கிறது என்று அளப்பதிலேயே வாழ்நாளைச் செலவழித்தவர். அவருடைய அப்பா யார் தெரியுமா? மாக்ஸ் சீவெர்ட். நைபெர்க்கின் ஊதுவிளக்கை உலகம் முழுக்க விற்றாரே, அவரேதான்.

அப்பா விற்ற விளக்கின் வம்சத்தில் வந்த காஸ் லைட்டுக்காகத் தோண்டிய மணலை, மகனுடைய பெயரால் அளக்கிறோம். இதை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "மவன் அப்பனுக்க தொழிலச் செய்யல்ல, என்னா?" என்றார்.

பற்றவைத்த நாள் ஒரு ஞாயிறு. மண்ணெண்ணெய் கிடைப்பதே பாடு. ரேஷன் எண்ணெய்க்கு நீலச் சாயம் போட்டிருக்கும். வெளியே வாங்கிய வெள்ளை எண்ணெயை வடிகட்டி முக்கால் பாகம் மட்டும் ஊற்றினேன், மேலே காற்றுக்கு இடம் வேண்டும். இது மண்ணெண்ணெய் வகை. இதில் பெட்ரோல் ஊற்றிப் பார்க்கலாமே என்று யாருக்காவது தோன்றினால் இந்தக் கட்டுரையை மறந்துவிடுங்கள். அம்மா கேட்டுக்கொண்டபடி முற்றத்தை விட்டுப் பின்பக்கம் கிணற்றடியில், ஒரு வாளி மணலோடு. கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினேன். ஸ்பிரிட் தீர்கிற நேரத்தில் இரண்டு அடி பம்ப். மஞ்சளாகத் துப்பியது. நான் பின்வாங்கினேன். பின்னாலிருந்து குரல்: "சூடு போராது. காத்த விடு. இன்னொரு கிண்ணம் ஊத்து."

அப்பா எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை.

மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறந்து அழுத்தத்தை விட்டேன். முழுசாக ஆறவைத்து, இரண்டாவது கிண்ணம் ஸ்பிரிட். இந்தத் தடவை மூன்று அடி பம்புக்கு ஒரு இருமல், பிறகு சீறல். மூக்கிலிருந்து நாலு விரற்கடை நீளத்துக்கு நீலத் தீ. அந்தச் சத்தம், பழைய பம்ப் ஸ்டவ் சத்தத்தின் கூர்மையான வடிவம். அம்மா அடுக்களை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா குந்தி உட்கார்ந்து தொட்டியைத் தொட்டுப் பார்த்தார். கை வைக்க முடிகிற சூடு வரைக்கும்தான் தொட்டி இருக்கலாம், அதைத் தாண்டினால் அணைத்துவிட வேண்டும் என்பது பாட்டா வைத்த விதியாம்.

வீட்டில் மூக்கு விட்டுப்போன ஒரு கிண்டி இருந்தது, கால் கழுவத் தண்ணீர் ஊற்றுகிற பித்தளைக் கிண்டி. அதை எடுத்துவந்தேன். என்னிடம் எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு வைத்திருந்த காரீயம் கலக்காத பற்றுக் கம்பி இருந்தது, வெள்ளீயத்தில் கொஞ்சம் வெள்ளியும் செம்பும். 220 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும். எங்கள் ஊரில் ஈயம் பூசுவது என்றால் வெள்ளீயம், ஈயக்குண்டு என்றால் காரீயம். இரண்டையும் ஒரே பெயரில் அழைத்து எத்தனை பேர் எதை வாயில் வைத்தார்களோ. கம்பியைத் தீயில் காட்டினேன். உருண்டு உருண்டு கீழே விழுந்தது.

"கம்பிய எதுக்குச் சுடுத? கிண்டியச் சுடு. கிண்டி சூடானா கம்பி தானே உருகும். தீயச் சுத்திக் காட்டு, ஒரே இடத்துல நிறுத்தாத. ஆசிட்டு போட்டியா?"

"ஃப்ளக்ஸ் போட்டேம்ப்பா."

"அதெல்லாம் கொள்ளாது. ஆசிட்டுல துத்தநாகம் போட்டுச் சாவடிச்சு எடுக்கணும். நொரை அடங்கணும்."

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துத்தநாகத் துண்டுகளைப் போட்டால் கொதித்து அடங்கும். மிஞ்சுவது துத்தநாகக் குளோரைடு. உலகம் முழுக்கத் தகர வேலைக்காரர்கள் பயன்படுத்திய அதே பற்றுநீர். பள்ளிக்கூடத்தில் கேலி கேட்ட பையன் பட்டறையில் எவ்வளவு நேரம் நின்றிருக்க வேண்டும், இதெல்லாம் தெரிய! ஆசிட்டுக்கு அடுத்த வாரம் வரை பொறுத்தோம். கொதிக்கிற ஆசிட்டில் கிளம்புவது ஹைட்ரஜன் என்பதால் விளக்கை ஒரு மூலையில் அணைத்து வைத்துவிட்டு, மறு மூலையில் அதைச் செய்தோம். அடுத்த ஞாயிறு கிண்டியின் மூக்கு ஒட்டிக்கொண்டது. முதல் பாதியை நான் செய்தேன், கட்டி கட்டியாகத் தெரியும். மறு பாதியில் தையல் இருக்கிற இடமே தெரியாது. அதைச் செய்தவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"இந்தத் தீய வச்சு பாட்டா பொன்னுல வேல செய்தாரா?" என்று கேட்டேன்.

"சீ. இது காட்டுத்தனமான தீ. பொன்னுக்கு மூச்சுதான்" என்றார். சற்றுப் பொறுத்து, "மூச்சு வாங்கினப்புறம் பம்ப் அடிச்சாரு" என்றார். எழுபதுகளில் பாட்டாவுக்கு இழுப்பு வந்தது எனக்குத் தெரியும். ஊதுகுழலை எடுக்க முடியாமல் போனது அதனாலும்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

விளக்கு இப்போது திண்ணையில், பழைய பட்டறை இருந்த மூலையில் இருக்கிறது. எண்ணெயை வடித்து, மூடியைத் தளர்த்தி வைத்திருக்கிறேன். கிண்ணத்தின் விரிசலை அப்படியே விட்டிருக்கிறேன். போன வாரம் ஃபோனில் அப்பா, பக்கத்து வீட்டில் ஒரு பழைய காஸ் லைட்டு கிடக்கிறதாம், தொட்டி ஒழுகுமாம், வரும்போது ஸ்பிரிட் வாங்கி வா என்றார். தொட்டிக்குள் எண்ணெய் ஆவி நிற்கும், தீயைக் காட்டும் முன்னால் கழுவித் தண்ணீர் நிரப்ப வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். "அது எனக்குத் தெரியும்டே" என்று ஃபோனை வைத்துவிட்டார்.